எட்டாம் வண்டியின் மதிய நேரம்

நவம்பர் 3, திங்கள்

போதும், நான் வாயை மூடிக்கொண்டிருந்தது. இருபத்தாறு வருடம் ஆயிற்று. இனி எழுதிவைக்கப் போகிறேன், தேதி போட்டு, நடந்தது நடந்தபடி.

1999இல் ஒரே கார் ரேஸ் அணிக்கு நானும் விசுவும் ஓட்டினோம். வெளிநாட்டு அணி ஒன்று எங்களில் ஒருவரை எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தது. யாரென்று முடிவுசெய்யச் சென்னைக்கு வெளியே உள்ள டிராக்கில் ஒரு நாள் டெஸ்ட். காலையில் அவரவர் வண்டியில் அவரவர். மதியம் வண்டி மாற்றி. ரேஸ் ஓட்டுகிறவனை அளக்க ஒரே ஒரு அளவுகோல்தான் உண்டு: அவனுடைய அணியிலேயே, அதே மாதிரி வண்டியை ஓட்டும் இன்னொருவன். மற்றவர்களிடம் தோற்றால் இன்ஜினைச் சொல்லலாம், டயரைச் சொல்லலாம். அணித்தோழனிடம் தோற்றால் சொல்ல ஒன்றும் இருக்காது. மதியத் தாளில் நான் அவனைவிடச் சுற்றுக்கு 0.38 விநாடி பின்னால் இருந்தேன். விசு விமானம் ஏறினான். நான் எம்.டெக். படிக்கப் போனேன்.

வண்டி மாறியபோது தாளில் பெயர்களை மாற்ற மறந்துவிட்டார்கள், அந்த வேகமான நேரம் உண்மையில் என்னுடையது என்று ரேஸ் வட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. இணையத்திலும் யார் யாரோ பெயரில்லாமல் எழுதியிருக்கிறார்கள். அது எங்கிருந்து கிளம்பியதென்று எனக்குத் தெரியாது. நான் மறுத்ததில்லை, அவ்வளவுதான்.

இன்று விசு கோயம்புத்தூரில் ஓர் அணியின் முதலாளி. பதினான்கு வருடமாக அவனிடம் நான் டேட்டா இன்ஜினியர். வண்டியில் உள்ள சென்சார்கள் சொல்வதைப் படித்து, யார் எந்த வளைவில் நேரத்தை இழக்கிறார்கள் என்று சொல்வது என் வேலை. காலையில் கூப்பிட்டான்.

"அடுத்த வருஷம் ஆசிய சாம்பியன்ஷிப்புக்கு ஒரே சீட்டுதாண்டா. அத்வைத்தா, பெனிட்டாவா? நீயே டெஸ்ட் வெச்சு எழுதிக் குடு. நீ எழுதறதுதான் முடிவு. நான் டிராக் பக்கமே வரமாட்டேன்."

"நீ வந்தா என்ன?"

"அத்வைத்தோட அப்பா போன் மேல போன் போடறாரு. நான் அங்க நின்னா, நான்தான் பையனைத் தூக்கிவிட்டேன்னு ஆயிரும்."

டெஸ்ட் எப்படி வைக்கட்டும் என்று கேட்டேன்.

"நமக்கு வெச்ச மாதிரியே வை."

வாய் கூசாமல் சொன்னான்.

வீட்டில் கலைவாணியிடம், இருபத்தாறு வருட மௌனத்தைக் கலைக்கிறேன் என்றேன். அவள் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியை. விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், "கல்யாணமான மூணாம் நாளே எங்கிட்டச் சொன்னீங்க. அப்புறம் எங்கப்பாகிட்ட. போன மாசம் கேஸ் சிலிண்டர் போட வந்தவர்கிட்ட" என்றாள்.

மனைவியிடம் சொல்வது கணக்கில் வராது.

நவம்பர் 5, புதன்

சென்னை வந்தாயிற்று. விடுதிக் குளியலறையில் வாளி இருக்கிறது, குவளை இல்லை. மழை வரும் என்கிறார்கள். மூன்று நாள் பொறுத்து வரட்டும்.

நவம்பர் 6, வியாழன்

முதல் நாள் வண்டிகளைச் சரிபார்ப்பதிலேயே போயிற்று. வண்டி ஏழு, வண்டி எட்டு. இரண்டும் ஒரே தயாரிப்புதான், ஆனால் வளைவில் ஏழின் பின்பக்கம் கொஞ்சம் வெளியே ஓடும். எட்டு சாது. எத்தனை திருகினாலும் அவற்றின் குணம் மாறவில்லை. அதுவும் நல்லதுதான். பிடிக்காத வண்டியோடு ஒருவர் எத்தனை சுற்றில் சமாதானம் ஆகிறார் என்றுதான் நான் பார்க்க வேண்டும். ஒரு சுற்று பறப்பவர்கள் நிறைய. மாறும் வண்டிக்குத் தன் கையையும் காலையும் மாற்றிக்கொள்பவர்கள் குறைவு.

அத்வைத்துக்கு இருபத்திரண்டு வயது, சென்னைக்காரன். அப்பாவின் கம்பெனி பெயர் வண்டியின் மூக்கில் இருக்கிறது. என்னை அங்கிள் என்கிறான். பெனிட்டா தூத்துக்குடிப் பெண், ஒரு வயது சின்னவள். அப்பாவுக்கு லாரிப் பட்டறை. என்னை சார் என்கிறாள். நான் யார் பக்கமும் இல்லை.

விசுவின் பழைய கட்டளை ஒன்று உண்டு. டெஸ்ட்டில் ஓட்டுகிறவர்களுக்கு நேரம் தெரியக்கூடாது. தெரிந்தால் நேரத்தை ஓட்டுவார்கள், வண்டியை ஓட்டமாட்டார்கள் என்பான். ஸ்டியரிங் திரையில் நேரம் தெரியும் இடத்தில் கறுப்பு டேப் ஒட்டினோம். நேரங்கள் என் கணினிக்கு மட்டும் வரும். ஒவ்வொரு வண்டியின் அடியிலும் தீப்பெட்டி அளவில் ஒரு டிரான்ஸ்பாண்டர் இருக்கிறது. முடிவுக் கோட்டைத் தாண்டும்போது இது இன்ன வண்டி என்று அது சொல்லும். உள்ளே இருப்பவர் யாரென்று அதற்குத் தெரியாது. அந்தப் பெயரைக் கணினியில் கொடுப்பவன் நான்.

நவம்பர் 7, வெள்ளி

காலையில் அத்வைத் ஏழில், பெனிட்டா எட்டில். ஒரு சுற்றுக்கு அவன் 1:32.50. அவள் 1:32.55. ஏறக்குறைய சமம்.

மதியம் மாற்றம். ஓட்டுகிறவரின் முதுகுக்கு வார்த்த நுரை சீட்டை ஒரு வண்டியிலிருந்து எடுத்து மற்றதில் வைப்பார்கள். எங்கள் அணியில் ஒரு வழக்கம் உண்டு: சீட்டைத் தூக்கும் மெக்கானிக் "சீட் மாறுது" என்று குரல் கொடுக்க வேண்டும், நான் உடனே கணினியில் பெயர்களை மாற்ற வேண்டும். இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவனே நான்தான். ஏன் கொண்டுவந்தேன் என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்த இடைவேளையில் பெனிட்டா தயிர்ச்சாதப் பொட்டலத்தோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பதற்றமாக இருந்தாள். அவளுக்குத் தைரியம் வரட்டும் என்று 1999 கதையைச் சொன்னேன். அவள் கேட்டாள், அதனால் சொன்னேன். கேட்டாள் என்றுதான் நினைக்கிறேன். மெக்கானிக் பழனிவேல் குரல் கொடுத்தது காதில் விழுந்தது. கையைத் தூக்கிக் காட்டினேன். கதையில் அது முக்கியமான இடம்.

மதியத் தாள்: பெனிட்டா 1:32.41. அத்வைத் 1:32.72.

முப்பத்தொரு நூறிலொரு பங்கு விநாடி. அதுவும் மூன்றாவது சுற்றிலேயே. அவனுக்குப் பதினொரு சுற்று ஆகியும் பிடிபடவில்லை. திரையை இரண்டு முறை பார்த்தேன். தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது, பழனிவேல் என்ன சார் என்று கேட்டார்.

பெனிட்டா ஹெல்மெட்டைக் கழற்றியபடி வந்தாள்.

"ஒத்தே வரல சார். பின்னாடி இழுக்கு. நான் ஒண்ணு நெனச்சா அது ஒண்ணு செய்யிது."

"கஷ்டமா இருந்தா வேகமா போறேன்னு அர்த்தம்."

"அப்படியா சார்?"

"நீதான்மா" என்றேன். விதியை மீறி நேரத்தையும் சொல்லிவிட்டேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். சந்தோஷப்படத் தெரியாத பெண்.

அத்வைத் வாழைப்பழம் தின்றுகொண்டே வந்தான். "சூப்பரா இருந்துச்சு அங்கிள். இந்த வண்டி வேற டைப். ரெண்டு லேப்ல செட் ஆயிட்டேன்."

பாவம் என்று நினைத்தேன். விசுவுக்குச் செய்தி அனுப்பினேன்: "பெனிட்டா. சந்தேகமே இல்லை."

"அப்படியா. நீ சொன்னா சரி. அடுத்த வெள்ளிக்கிழமை அறிவிச்சிடலாம்" என்று பதில் வந்தது.

நவம்பர் 8, சனி

கோயம்புத்தூர். நன்றாகத் தூங்கினேன். கலைவாணிக்குக் கடைவீதியில் மல்லிகை வாங்கிக்கொண்டு போனேன். "என்ன, யார் தோத்தா?" என்று கேட்டாள்.

நவம்பர் 9, ஞாயிறு

காலைச் சிற்றுண்டிக்குப் பிறகு அறிக்கைக்கு வரைபடங்கள் தயாரிக்க உட்கார்ந்தேன். பிரேக்கை அழுத்தும் விதம் ஆளுக்கு ஆள் கையெழுத்து மாதிரி. பெனிட்டா படிப்படியாக விடுவாள், படிக்கட்டு இறங்குவதுபோல் இருக்கும். அத்வைத் ஒரே வழுக்கலாக விடுவான்.

மதிய வரைபடங்களில் ஒரு சிறு விஷயம் இருக்கிறது. நாளை பார்க்கலாம்.

குடிநீர் வடிகட்டி மாற்ற ஆள் வந்தார். முன்பு போட்டதைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்களாம்.

நவம்பர் 10, திங்கள்

பார்க்கவில்லை. பல்வலி.

நவம்பர் 11, செவ்வாய்

பல்வலி இல்லை. நேற்றும் இல்லை.

எட்டாம் வண்டியின் மதிய வரைபடம் முழுவதும் வழுக்கல். ஏழாம் வண்டியில் படிக்கட்டு. நான் பெயர்களை மாற்றவில்லை. பழனிவேல் குரல் கொடுத்தபோது கையைத் தூக்கினேன், எழுந்திருக்கவில்லை. 1:32.41 அத்வைத்துடையது. மூன்றாவது சுற்றில் புது வண்டிக்குப் பழகியவன் அவன். பதினொரு சுற்று தடுமாறியவள் பெனிட்டா.

இது எனக்கு மட்டுமே தெரியும். வண்டிகளைப் பிரித்துப் போட்டாயிற்று. நேரத்தைப் பார்த்தவர் வேறு யாரும் இல்லை. வரைபடத்தைப் படிக்கத் தெரிந்தவனும் இந்த அணியில் நான் ஒருவன்தான். அத்வைத்துக்கு அப்பா இருக்கிறார், வேறு அணியில் சேர்த்துவிடுவார். பெனிட்டாவுக்கு இந்தச் சீட் போனால் அடுத்தது இல்லை. இத்தனை வருடத்தில் முதல் முறையாக ஒரு தாள் சரியான ஆள் பக்கம் தவறியிருக்கிறது. அதை ஏன் நான் கெடுக்க வேண்டும்?

அறிக்கையை எழுதி முடித்தேன். நாலு பக்கம். பெனிட்டாவுக்காக. நன்றாகவே வந்திருக்கிறது.

நவம்பர் 12, புதன்

காலை பத்து மணிக்குப் பெனிட்டா எங்கள் பட்டறைக்கு வந்தாள். மருத்துவச் சான்றிதழ் கொடுக்க வந்ததாகச் சொன்னாள். அதைத் தபாலில் அனுப்பியிருக்கலாம்.

"சார், ரிப்போர்ட் குடுத்துட்டீங்களா?"

"நாளைக்கு."

"அந்த நாப்பத்தொண்ணு டைம் என்னோடது இல்ல சார்."

"கம்ப்யூட்டர்ல உன் பேர்தான் இருக்கு."

"கம்ப்யூட்டரா சார் ஓட்டுச்சு? மத்தியானம் நாலாவது வளைவுல ஒவ்வொரு சுத்துக்கும் ஆக்ஸிலேட்டர்ல இருந்து கால எடுத்தேன். பயந்துதான் எடுத்தேன். எறங்குன ஒடனே உங்ககிட்ட சொன்னேன், நீங்க சிரிச்சீங்க. ஓட்டுனவளுக்குத் தெரியாதா சார், நல்லா ஓட்டுனோமா இல்லையான்னு?"

நான் ஸ்பேனர் பெட்டியை ஒழுங்குபடுத்தினேன். அது என் பெட்டி அல்ல.

"விசுகிட்டச் சொன்னியா?"

"இல்ல. நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துட்டு இருக்கேன். பேரு மாறுனா ஒருத்தன் பொழப்பே போயிரும்னு எனக்குச் சொன்னதே நீங்கதான."

"சீட் போயிடும்மா."

"தெரியும் சார். வேணும்னுதான் இருக்கு. நாலு நாளா சோறு எறங்கல. ஆனா அங்க போயி அடுத்தவன் டைம வச்சிட்டு நான் என்ன பண்ண? மொத ரேஸ்லயே நாறிரும்." கொஞ்சம் நின்று, "அவன் எப்படி சார் மூணு சுத்துல புடிச்சான்? அத மட்டும் எனக்குக் காட்டுங்க" என்றாள்.

மூன்று என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவனையே கேட்டிருக்கிறாள். ரெண்டு என்று சொன்னானாம், இவள் ஒன்று கூட்டிக்கொண்டாளாம்.

அவள் போன பிறகு பின்கட்டில் டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்தேன். ஓட்டினவனுக்குத் தெரியாதா என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

தெரியும். 1999, மதியம். விசுவின் வண்டி பின்பக்கம் ஓடும் வண்டி. எனக்கு அது வசப்படவில்லை. ஒவ்வொரு சுற்றும் அடுத்த சுற்றில் பார்த்துக்கொள்ளலாம் என்று காலை எடுத்தேன். இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றும்போதே தோற்றுவிட்டேன் என்று தெரியும். தாளைப் பார்க்கும் முன்பே தெரியும். தாளில் பெயர் மாறியிருக்கலாம் என்று முதலில் சொன்னவர் என் அண்ணன், ஆறுதலுக்காக. இரண்டாவதாகச் சொன்னவன் நான். இணையத்தில் பெயரில்லாமல் எழுதிய யார் யாரோ என்று மேலே எழுதியிருக்கிறேன். அவர்களில் பாதிப் பேர் நான்.

எழுதிவிட்டேன். பசித்தது.

நவம்பர் 13, வியாழன்

விசுவின் அறைக்குப் போனேன். நாலு பக்க அறிக்கையை எடுத்துப் போகவில்லை. ஒரு பக்கம் புதிதாக எழுதினேன்.

"அத்வைத்" என்றேன். "என் தப்பு. பேரை மாத்தல."

படித்தான். கண்ணாடியைக் கழற்றினான்.

"நீயா? சீட் மாறுதுன்னு சாமி கும்பிடற மாதிரி ஒரு சடங்கு வெச்சிருந்தியே, அப்புறமும் எப்படி?"

"பேசிட்டிருந்தேன்."

"என்ன பேசிட்டிருந்த?"

அவனுக்கே புரிந்துவிட்டது. சிரிக்கத் தொடங்கினான், பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"

"அவதான் முதல்ல சொன்னா. விசு, இன்னொண்ணு. தொண்ணூத்தொம்பது டைம் உன்னோடதுதான். பேரெல்லாம் மாறல."

ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். வெளியே யாரோ வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் ஓட்டினேன்டா. எனக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியாது" என்றான். "எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு அன்னிக்கு. ஆனா நீ ஊரெல்லாம் சொல்லிட்டே இருந்தியா, ஒருவேளை நிஜமா இருக்குமோன்னு ஆயிருச்சு. வெளிநாட்டுல ஒவ்வொரு தடவ தோக்கும்போதும், இந்தச் சீட்டு அவனோடதுதானோன்னு தோணும். தோத்துட்டு அதையே நெனச்சுட்டு ரூம்ல படுத்திருப்பேன். உன்னை இங்க வேலைக்கு வெச்சதே அதுக்காகத்தான். உனக்கு ஏதோ கடன்பட்ட மாதிரி."

"என் திறமைக்காக நீ என்னை வெச்சன்னு நெனச்சேன்."

"அதுவும் கொஞ்சம் இருக்கு."

"பதினாலு வருஷமா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டு, நீ ஆமான்னு சொல்லிட்டா?"

சொல்லியிருப்பேன். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

காப்பி வந்தது. சர்க்கரை இல்லாததை அவனும் போட்டதை நானும் எடுக்க வேண்டும். மாற்றி எடுத்துக்கொண்டோம், திருப்பிக் கொடுத்துக்கொண்டோம். பெனிட்டாவை என்ன செய்வதென்று பேசினோம். ஆசியச் சீட் அத்வைத்துக்கு. அவளை அடுத்த வருடமும் தேசியப் போட்டிக்கு வைத்துக்கொள்ளலாம் என்றான். ஒவ்வொரு பயிற்சிக்கும் அவளுக்கு வேறு வேறு மாதிரி அமைத்த வண்டியைக் கொடுக்கிறேன், பிடிக்காத வண்டியாகப் பார்த்துக் கொடுக்கிறேன் என்றேன். வண்டியைத் தன் பக்கம் இழுக்கத்தான் அவளுக்குத் தெரிகிறது, தான் வண்டியின் பக்கம் போகத் தெரியவில்லை. சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேட்டான். எனக்கு வராத விஷயம், எங்கே வராமல் போகிறதென்று நன்றாகத் தெரியும் என்றேன்.

வாசல் வரை வந்தான். அங்கே நின்று, "அப்போ நான் உன்னவிட வேகம்" என்றான்.

"அன்னிக்கு மத்தியானம்."

"அது போதும்டா" என்றான். ஐம்பத்திரண்டு வயது ஆள், படியில் இரண்டிரண்டாக ஏறிப் போனான்.

நவம்பர் 14, வெள்ளி

அறிவிப்பு வந்துவிட்டது. அத்வைத் போன் செய்து, "தேங்க்ஸ் அங்கிள், நீங்க எனக்கு எதிரா இருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றான். இருந்தேன் என்றேன். சிரித்தான். விளையாட்டுக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டான். பிரேக்கை அவன் விடும் விதத்தைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டேன். அரை மணி நேரம் விடாமல் பேசினான். கேட்கக் கேட்கப் புரிந்தது, பையனுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

பெனிட்டா மதியம் வந்து வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். ஒரு முறை மூக்கை உறிஞ்சினாள். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, "இவன் விடுத இடத்துல நான் இன்னும் மிதிச்சிட்டே இருக்கேன் சார். முட்டாளா நான்?" என்று கேட்டாள். இல்லை, பயம் என்றேன். எனக்கும் அதேதான் என்றேன். அதை ஒரு மாணவியிடம் சொல்வது இவ்வளவு சுலபம் என்று தெரிந்திருந்தால் முன்பே சொல்லியிருப்பேன். அவள் மூன்று தோசை சாப்பிட்டுவிட்டுத் தூத்துக்குடி பஸ் பிடித்தாள்.

சாயங்காலம் இந்தப் பக்கங்களைக் கலைவாணிக்குப் படித்துக் காட்டினேன். முதல் பத்தியிலேயே சிரித்தாள். பன்னிரண்டாம் தேதிக்கு வந்தபோது விடைத்தாள் திருத்தும் பேனாவைக் கீழே வைத்தாள். முடித்ததும், "அப்பாடா" என்றாள். தோளில் எதையோ வைத்திருந்து இறக்கியவன்போல் இரண்டு கையும் லேசாக இருக்கிறது. கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது. அது இருக்கட்டும்.

விசுவைப் பற்றிய பேச்சு இன்னும் இணையத்தில் உலவுகிறது. அது உலவும் இடத்திலேயே இதையும் போடப் போகிறேன். விசுவுக்குப் பக்கங்களை அனுப்பிக் கேட்டேன். போட்டுக்கோ, ஆனா நான் படியில ஓடினதை எடுத்துரு என்றான். எடுக்கவில்லை. எல்லோருடைய பெயர்களையும் மாற்றிவிட்டேன். நேரங்கள் உள்ளபடியே இருக்கின்றன.

அடியில் என் பெயரை எழுதி, ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ரேஸ் வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு முதல் வரியிலேயே ஆள் தெரிந்துவிடும், தெரியட்டும். தெரியாதவர்கள் பெயரைப் பார்த்தால், தப்பை ஒப்புக்கொண்ட பெரிய மனிதர் என்று அவர்களில் நாலு பேர் எழுதுவார்கள். நான் அதைத் தினமும் திறந்து திறந்து படிப்பேன். என்னை எனக்குத் தெரியும். பெயரை அழித்துவிட்டேன். இப்படியே போடுகிறேன்.